உஷார்! நீங்கள் செய்த விளையாட்டுக்குச் சாவி யார் கையில்?

மே மாதம் வந்துவிட்டது, பள்ளிக்கூடங்களைப் பூட்டியாகிவிட்டது. வருகிற ஜூனில் பிள்ளைகளுக்குக் கணினியில் ஏதாவது புதிதாக விளையாட்டு செய்து வைக்க வேண்டும் என்று ஆசைப்படும் ஆசிரியர்கள் இப்போதுதான் மடிக்கணினி முன்னால் உட்காருவார்கள். அவர்களுக்குத்தான் அவசரமாக இதை எழுதுகிறேன். தாராளமாக உட்காருங்கள். ஆனால் எந்த மென்பொருளை நம்பி உட்காருகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். தப்பான இடத்தில் உட்கார்ந்தால் ஒரு கோடை விடுமுறை மொத்தமும் தண்ணீரில் எழுதியதாகிவிடும். என் கண் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன்.

திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் சாலையில் கனகம்மாசத்திரத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ், டிடிபி கடை. ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டராக இருந்தது. இப்போது லேமினேஷன், ஆதார் பிரிண்ட், பரீட்சை நேரத்தில் வினாத்தாள் டைப்பிங் என்று ஓடுகிறது. சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் பலர் என் வாடிக்கையாளர்கள். அவர்களில் ஒருவர் ஒரு தொடக்கப்பள்ளி டீச்சர். ஒரு கோடையில் வந்து, "அண்ணா, கோடிங் தெரியாமலே கேம் செய்யலாமாமே, நல்லதா ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டார். வாட்ஸ்ஆப்பில் யாரோ அனுப்பியிருந்த ஒரு வலைத்தளத்தைச் சொன்னேன். இலவசம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதற்கு மேல் நானும் படிக்கவில்லை.

டீச்சர் ஒன்றரை மாதம் ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து 43 விளையாட்டுகள் செய்தார். அதில் ஒன்றை நான் மறக்கமாட்டேன். திருத்தணி மலைக்கு 365 படி. அடிவாரத்தில் ஒரு மயில் நிற்கும். கூட்டல் கணக்கு ஒன்றைச் சரியாகப் போட்டால் மயில் ஒரு படி ஏறும், தப்பாகப் போட்டால் அகவும். பிள்ளைகள் விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடரலாம். ஜூனில் ஆரம்பித்து ஆகஸ்ட் கடைசிக்குள் அந்த வகுப்பு மயிலை 212ஆவது படிக்கு ஏற்றிவிட்டது. 

காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது டீச்சர் கடைக்கு ஓடி வந்தார். "அண்ணா, உள்ளயே விட மாட்டேங்குது." பார்த்தேன். இலவசக் கணக்கில் இனி மூன்று விளையாட்டு மட்டுமே திறக்குமாம், மற்ற நாற்பதுக்கும் பூட்டு. திறக்க மாதச் சந்தா, அதுவும் டாலரில். சரி, செய்ததை இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று தேடினால் இறக்குவதற்கு வழியே கிடையாது. விளையாட்டு, படம், கேள்வி, டீச்சர் தன் குரலில் பதிந்த சொற்கள், எல்லாம் அவர்கள் சர்வரில். மயில் இன்றைக்கும் 212ஆவது படியில்தான் நிற்கிறது. அந்தத் தளத்தைக் கை காட்டியவன் நான். பழி என்னுடையது.

அதனால்தான் சொல்கிறேன்: கல்வி விளையாட்டு செய்ய ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, அதில் என்னென்ன வசதி இருக்கிறது என்று முதலில் பார்க்காதீர்கள். செய்து முடித்ததை உங்கள் பென் டிரைவில் வெளியே எடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் நீங்கள் அங்கே வாடகைக்குத்தான் குடியிருக்கிறீர்கள். என்றைக்கு வேண்டுமானாலும் பெட்டி படுக்கையைத் தூக்கி வெளியே வைப்பார்கள். வைத்தால்கூடப் பரவாயில்லை, பெட்டியை உள்ளேயே வைத்துப் பூட்டிக்கொள்கிறார்கள்.

சின்னக் கம்பெனிதான் இப்படிச் செய்யும், பெரிய பெயராகப் பார்த்து எடுத்தால் போதும் என்று நினைக்கிறீர்களா? ஃபிளாஷ் கதையைக் கேளுங்கள். ஒரு பத்துப் பதினைந்து வருஷம் உலகம் முழுக்கக் குழந்தைகளுக்கான விளையாட்டு என்றாலே அடோபி ஃபிளாஷ்தான். பாட சிடிகளில் இருந்த அசையும் படங்களும் பெரும்பாலும் அதில் செய்தவைதான். 2017 ஜூலையில் அடோபி, இதை நிறுத்தப் போகிறோம் என்று அறிவித்தது. 2020 டிசம்பர் 31 கடைசி நாள். 2021 ஜனவரி 12 முதல் பழைய ஃபிளாஷ் பிளேயர் கணினியில் இருந்தாலும் அதுவே எதையும் ஓடவிடாமல் தடுத்துவிட்டது. தென்னாப்பிரிக்க வரித்துறையின் சில படிவங்கள் ஃபிளாஷில் இருந்தன. அவற்றைத் திறப்பதற்காகவே அந்தத் துறை 2021 ஜனவரியில் தனியாக ஒரு பிரவுசரை வெளியிட வேண்டி வந்தது. ஒரு நாட்டு வரித்துறையே இப்படித் திண்டாடியது என்றால் ஊர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடம் என்ன செய்யும்? ரஃபிள் என்று தன்னார்வலர்கள் செய்த ஒரு மென்பொருள் இப்போது பழைய ஃபிளாஷ் விளையாட்டுகள் பலவற்றைத் திறக்கிறது. எல்லாவற்றையும் அல்ல.

இதே ஃபிளாஷில் மாட்டியும் பிழைத்த ஒன்று உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச். நம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் வருகிறதே, அதேதான். அதன் இரண்டாம் பதிப்பு 2013இல் ஃபிளாஷில் எழுதப்பட்டது. ஃபிளாஷ் சாகப்போகிறது என்று தெரிந்ததும் சும்மா இருக்கவில்லை, முழுவதையும் திரும்ப எழுதி 2019 ஜனவரியில் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். பழைய பதிப்பில் பிள்ளைகள் செய்து வைத்திருந்தவை புதியதிலும் திறந்தன. லாப நோக்கம் இல்லாத அமைப்பு நடத்துகிறது, மூலநிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்து கிடக்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன், செய்து பாருங்கள்: ஸ்கிராட்ச்சில் சேமித்த கோப்பின் கடைசி மூன்று எழுத்தை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உங்கள் படமும் ஒலியும் நிரலும் உள்ளே தனித்தனியாக இருக்கும். நாளைக்கு ஸ்கிராட்ச்சே இல்லாமல் போனாலும் டீச்சரின் குரல் டீச்சரிடமே இருக்கும்.

யூனிட்டி விவகாரம் வேறு மாதிரி. அது பெரிய விளையாட்டுகள் செய்யும் எஞ்சின். 2023 செப்டம்பர் 12 அன்று அந்த நிறுவனம் திடீரென்று ஒன்றை அறிவித்தது: 2024 ஜனவரி முதல், ஒரு அளவுக்கு மேல் வருமானமும் பதிவிறக்கமும் உள்ள விளையாட்டுகளுக்கு, ஒவ்வொரு முறை யாராவது நிறுவும்போதும் கட்டணம். ஏற்கெனவே வெளியான விளையாட்டுகளுக்கும் சேர்த்து. விளையாட்டு செய்கிறவர்கள் கொதித்துப் போனார்கள். பத்து நாளில் விதியைத் தளர்த்தினார்கள், அக்டோபரில் தலைமை அதிகாரி விலகினார், 2024 செப்டம்பரில் கட்டணத்தையே கைவிட்டார்கள். நியாயமாகச் சொன்னால், இலவசமாகப் பாடம் நடத்தும் நம் ஆசிரியர் மேல் அந்தக் கட்டணம் விழுந்திருக்காது. இலவசக் கணக்கு வைத்திருப்பவருக்கே வருஷத்துக்கு இரண்டு லட்சம் டாலர் வருமானம் வந்தால்தான் எல்லை ஆரம்பம். ஆனால் பாதி வீடு கட்டிய பிறகு மனையின் விலையை மாற்ற அவர்களால் முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துபோனது. ஒப்பந்தம் என்ற பெயரில் நாம் படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டுகிற அந்த நீளமான பக்கத்தில் அதற்கு இடம் வைத்திருப்பார்கள்.

இனி எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன். தமிழ் எழுத்து. இருபது வருஷமாக பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து விரல் தேய்ந்தவன் நான். பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான், ஏனென்றால் மென்பொருளின் விளம்பரத்தில் எங்கும் இதைப் போடமாட்டார்கள்.

உங்களிடம் இருக்கிற பழைய வினாத்தாள் பாமினியில் இருந்தால், அதை அப்படியே நகலெடுத்து விளையாட்டு மென்பொருளில் ஒட்டாதீர்கள். 'அம்மா' என்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக விழும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, நம் கோப்புகள்தான் இன்னும் அந்தக் கரைக்கு வந்து சேரவில்லை.

யூனிகோடுக்கு மாற்றினாலும் ஆபத்து தீரவில்லை. நாம் 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஆனால் கணினிக்குள் 'க' முதலில், கொம்பு பின்னால். அதைத் திருப்பிப் போட்டுக் காட்டும் வேலையை மென்பொருள் செய்ய வேண்டும். பிரவுசர்கள் ஒழுங்காகச் செய்கின்றன. விளையாட்டு எஞ்சின்கள் பல செய்வதில்லை. யூனிட்டியில் எல்லோரும் எடுக்கிற டெக்ஸ்ட்மெஷ் புரோவில் தமிழை நேராகப் போட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும், தனியாக ஏதாவது மாற்றுவழி செய்தால்தான் சரியாகும். அர்ஜென்டினாக்காரர்கள் உருவாக்கி 2014இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட கோடோ நல்ல எஞ்சின், சந்தா கிடையாது. ஆனால் அதிலும் 2023 மார்ச்சில் வந்த நான்காம் பதிப்பிலிருந்துதான் இந்திய மொழி எழுத்துகள் ஒழுங்காகக் கோக்கப்படுகின்றன. யாரோ பென் டிரைவில் கொடுத்த மூன்றாம் பதிப்பில் ஆரம்பித்தீர்களோ, தொலைந்தீர்கள். கொக்கு பறக்காது, கொம்பு மட்டும் தனியாகப் பறக்கும்.

எழுத்தைப் பழகுகிற பிள்ளை முன்னால் கொம்பு இடம் மாறிய எழுத்தை வைப்பது பாடமே நடத்தாமல் இருப்பதைவிட மோசம். எங்கள் பக்கம் இன்னும் ஒரு படி கூடுதல் சிக்கல். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றைக்கும் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுகிற பள்ளிகள் உண்டு. தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் தெலுங்குச் சொல்லையும் வைக்கலாம் என்று டீச்சர் ஆசைப்பட்டார். தெலுங்கில் எழுத்துக்குக் கீழே இன்னொரு எழுத்து தொங்கும். தமிழில் கொம்பிலேயே தடுமாறுகிற மென்பொருள் அங்கே குப்புற விழும்.

பிறகு எண்ணிக்கை. 'கனகம்மாசத்திரம்' என்ற பெயரில் எத்தனை எழுத்து? இரண்டாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டு எண்ணிப் பத்து என்று சொல்லும். ஸ்கிராட்ச்சிடம் கேளுங்கள், 15 என்று சொல்லும். புள்ளியையும் காலையும் கொக்கியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. ஐந்தாம் எழுத்தைக் கேட்டால் ஒரு புள்ளியை மட்டும் எடுத்து நீட்டும். எழுத்தைக் கலைத்துப் போட்டுச் சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டு, கட்டத்துக்குள் சொல் தேடும் விளையாட்டு, விடுபட்ட எழுத்தை நிரப்பும் விளையாட்டு என்று ஆங்கிலத்துக்குச் செய்த வார்ப்புருக்கள் எல்லாமே தமிழில் உடைவது இதனால்தான். ஸ்கிராட்ச்சைப் புகழ்ந்துவிட்டு இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்துகளைப் பட்டியலாக நாமே பிரித்துக் கொடுத்தால் அங்கே சமாளிக்கலாம். பைத்தான் தெரிந்தவர்களுக்கு முத்தையா அண்ணாமலை தொடங்கிய ஓப்பன் தமிழ் நிரல்தொகுப்பில் தமிழ் எழுத்தைச் சரியாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது. சிலர் தமிழ்ச் சொல்லைப் படமாக்கி ஒட்டிவிடுகிறார்கள். அவசரத்துக்குச் சரி. ஆனால் ஒரு பிழையைத் திருத்த மறுபடி படம் வரைய வேண்டும்.

எந்த மென்பொருளை எடுத்தாலும் முதல் ஐந்து நிமிடத்தில் கொக்கு, கேள்வி, பௌர்ணமி, ஸ்ரீ என்ற நாலு சொல்லையும் அடித்துப் பாருங்கள். ஒன்று பிசகினாலும் அந்தக் கதவை அப்போதே சாத்திவிடலாம்.

பள்ளிக் கணினி எதைத் தாங்கும் என்பதையும் பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் செய்வது புது மடிக்கணினியில், பிள்ளைகள் விளையாடப் போவது பழைய பெட்டியில். விண்டோஸ் 7 இருக்கும் கணினியில் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, 2023க்குப் பிறகு புதியது ஏறாது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஆதரவை முடித்துவிட்டது. ஆன்லைனில் மட்டுமே ஓடும் விளையாட்டு என்றால், நெட் போன அன்றைக்கு வகுப்பும் போச்சு. இப்போது ஏஐயிடம் கேட்டே விளையாட்டு செய்கிறார்கள். ஒற்றைக் கோப்பாக அது கையில் வந்துவிடுகிறது என்பது நல்லதுதான். ஆனால் உள்ளே ஏதாவது நிரல்தொகுப்பை இணையத்திலிருந்து இழுக்கும்படி எழுதியிருக்கும். வீட்டில் ஓடும், பள்ளியில் வெள்ளைத்திரை.

இதற்கெல்லாம் மருந்தாக 'கிராக் போட்டுத் தரேன் சார்' என்று ஒருவன் வருவான். வேண்டாம். காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைத் திருட்டுத்தனமாகத் திறந்து கொடுக்கிறவன் அதோடு வேறெதைச் சேர்த்துக் கொடுக்கிறான் என்று உங்களுக்குத் தெரியாது. ஷார்ட்கட் வைரஸ் புகுந்த பென் டிரைவோடு என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படிப்பட்டவர்கள்தான். மிச்சப் பாதி அவர்கள் பென் டிரைவை வாங்கிச் செருகியவர்கள்.

பிள்ளைகளின் பெயர் விஷயம் எல்லாவற்றையும்விடப் பெரியது, சுருக்கமாகச் சொல்கிறேன். சில விளையாட்டுத் தளங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர், மின்னஞ்சல், வயது கேட்டுக் கணக்குத் திறக்கச் சொல்கின்றன. இந்தியாவின் 2023 தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள். பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் இல்லாமல் அவர்கள் விவரத்தை எடுக்கக் கூடாது, பின்தொடர்ந்து கண்காணிக்கவோ அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டவோ கூடாது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை. அமெரிக்காவில் எட்மோடோ என்று ஆசிரியர்கள் கொண்டாடிய ஒரு தளம் இருந்தது. 2022 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். குழந்தைகளின் விவரத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்ட, 2023இல் 60 லட்சம் டாலர் அபராதம் என்று தீர்வானது. கூட்டல் கணக்குக்குப் பக்கத்தில் கடன் ஆப் விளம்பரம் மின்னுவதை நானே பார்த்திருக்கிறேன். காசு கேட்காதவன் வேறு எதையோ எடுத்துக்கொள்கிறான். வகுப்புக்குள் நடக்கும் விளையாட்டுக்குப் பிள்ளையின் பெயர் எதற்கு? 'மயில் 1', 'மயில் 2' என்று வைத்தால் போதாதா?

கேரளத்தைப் பார்த்தால் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். அங்கே அரசின் கைட் நிறுவனம் பள்ளிக் கணினிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் தொகுப்பைத் தருகிறது. தொடக்க வகுப்புகளுக்குக் 'களிப்பெட்டி' என்று கணினிப் பாடநூலே உண்டு. ஜிகாம்ப்ரிஸ் போன்ற கட்டற்ற விளையாட்டுத் தொகுப்புகளைப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ஜிகாம்ப்ரிஸை 2000இல் ஒரு பிரெஞ்சுக்காரர் தொடங்கினார். கால் நூற்றாண்டாக உயிரோடு இருக்கிறது, நூற்றுக்கு மேல் செயல்பாடுகள், விளம்பரம் இல்லை, நெட் வேண்டாம். நம் மாநிலத்திலும் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் போஸ் லினக்ஸ் வந்தது. அதை அழித்துவிட்டு விண்டோஸ் மட்டும் போட்டுத் தரச் சொல்லி மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். அழித்துக் கொடுத்த கடைக்காரர்களில் நானும் ஒருவன். ஒரு மிஷினுக்கு இருநூறு ரூபாய்.

தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூன் 13 அன்று எங்கள் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் தொடங்கியது. அதற்குப் பிறகு ஆடிப்பாடிக் கற்பது, விளையாடிக் கற்பது என்ற பேச்சு எல்லாப் பள்ளியிலும் கேட்கிறது. நல்லதுதான். அந்தப் பேச்சை மோப்பம் பிடித்து விற்க வருகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். 'முப்பது நாளில் கேம் டெவலப்பர்' என்று போஸ்டர் ஒட்டுகிறார்கள், பள்ளிக்கே வந்து பவர்பாயிண்ட் காட்டுகிறார்கள். வருகிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "சார், நாங்க செஞ்சதை உங்க கம்பெனி இல்லாம, நெட் இல்லாம, வேற கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டுங்க." காட்டினால் மேற்கொண்டு பேசுங்கள். 'அந்த வசதி அடுத்த அப்டேட்ல வருது சார்' என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நீங்களாகத் தொடங்குவதானாலும் நாற்பது விளையாட்டுக்கு முன்னால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். பத்துக் கேள்வி போதும். அதைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டுபோய்ப் பள்ளியின் மிகப் பழைய கணினியில், நெட்டைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பாருங்கள்.

டீச்சர் மயிலை மறுபடி செய்துவிட்டார். இந்த முறை ஸ்கிராட்ச்சில், கணினியிலேயே நிறுவிக்கொள்ளும் பதிப்பில், 365 படியும் ஏறும்படி. கோப்பு மூன்று இடத்தில் இருக்கிறது: அவர் மடிக்கணினி, பள்ளிக் கணினி, என் கடைக் கணினி. வேறு யாருக்காவது சோதித்துப் பார்க்க வேண்டுமானால் வாருங்கள். பென் டிரைவைச் செருகியதும் முதலில் வைரஸ் ஸ்கேன் செய்துவிட்டுத்தான் திறப்பேன். விண்டோஸ் 7 போட்ட பழைய மிஷின் ஒன்றை இதற்காகவே நெட் இல்லாமல் வைத்திருக்கிறேன். காசு வேண்டாம். கடை ராத்திரி எட்டரை வரைக்கும் திறந்திருக்கும், கிருத்திகை அன்று மட்டும் லீவு.